வளர்ச்சி மாதிரிகளில் சேமிப்பு வீதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலைப் பொருளாதார மாணவர்களுக்கு வளர்ச்சிக் கோட்பாடு எடுக்கத் தொடங்கியதிலிருந்து பார்க்கிறேன், பாதிச் சந்தேகங்கள் சேமிப்பு வீதத்தைச் சுற்றியே வருகின்றன. வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் நிறுத்திக் கேட்பார்கள். தேர்வுக்கு முந்தின இரவு வாட்ஸாப்பில் குரல் பதிவு வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முதல் நான்கைத் தாண்டிவிட்டு நேராக ஏழாவதுக்குப் போகாதீர்கள்.

1. சேமிப்பு வீதம் என்றால் மக்கள் பேங்கில் போடும் பணம்தானே சார்?

இல்லை. விதைநெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். களத்தில் நூறு மூட்டை நெல் விழுகிறது. எண்பது மூட்டை சாப்பாட்டுக்குப் போகிறது, இருபது மூட்டை அடுத்த போகத்துக்கு விதையாக எடுத்துவைக்கப்படுகிறது. சேமிப்பு வீதம் 20 சதவீதம். வளர்ச்சி மாதிரிகளில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்: ஓராண்டு உற்பத்தியில், தின்று தீர்க்காமல் மூலதனமாக மாற்றிய பங்கு.

பேங்க் என்பது நடுவில் உள்ள வாய்க்கால். குடும்பங்கள் மிச்சம் பிடிப்பது, நிறுவனங்கள் பங்குதாரருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் லாபம், அரசு தன் நடப்புச் செலவு போக மீதி வைப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நாட்டின் சேமிப்பு. வெளிநாட்டுக் கடனோ முதலீடோ இல்லாத மூடிய பொருளாதாரத்தில் சேமிப்பும் முதலீடும் ஒரே எண். பெரும்பாலான பாடநூல் மாதிரிகள் அப்படிப்பட்டவைதான்.

2. சோலோ மாதிரியில் சேமிப்பு வீதம் ஏன் மாறாமலே இருக்கிறது? நிஜத்தில் அப்படியா?

நிஜத்தில் அப்படி இல்லை. ராபர்ட் சோலோ 1956-இல் இந்த மாதிரியைத் தந்த கட்டுரையை எழுதியபோது அவர் கையில் இருந்த கேள்வி வேறு. ஹாரட் (1939), டோமர் (1946) இருவரின் மாதிரிகளில் பொருளாதாரம் கத்தி முனையில் நின்றது. சேமிப்பு வீதம், மூலதன–உற்பத்தி விகிதம் (ஓராண்டு உற்பத்தியைப்போல் எத்தனை மடங்கு மூலதனம் இருக்கிறது என்ற எண்), தொழிலாளர் பெருக்கம் மூன்றும் தற்செயலாகப் பொருந்தினால் சீரான வளர்ச்சி. கொஞ்சம் பிசகினாலும் வேலையின்மை அல்லது பணவீக்கம். மூலதனத்துக்குப் பதில் உழைப்பையும் உழைப்புக்குப் பதில் மூலதனத்தையும் பயன்படுத்த முடிந்தால் அந்தக் கத்தி முனை மறைந்துவிடும் என்று காட்டுவதே சோலோவின் நோக்கம். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் டிரெவர் ஸ்வானும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். அந்த வேலைக்குச் சேமிப்பு வீதத்தை ஒரு மாறாத எண்ணாக வைத்தாலே போதும்.

அப்போது கையிலிருந்த அமெரிக்கப் புள்ளிவிவரமும் இதற்கு இடம் கொடுத்தது. அதை 10-ஆவது கேள்வியில் பார்க்கலாம்.

3. சேமிப்பைக் கூட்டினால் வளர்ச்சி கூடும் என்கிறது ஹாரட்–டோமர். கூடாது என்கிறது சோலோ. யார் சொல்வது சரி?

இதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தாய். வருமானத்தின் உயரம் வேறு, அது ஏறும் வேகம் வேறு. சோலோ மாதிரியில் சேமிப்பு வீதம் கூடினால் வேகம் கூடுகிறது, ஆனால் தற்காலிகமாக. உயரம் கூடுகிறது, அது நிரந்தரம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மக்கள்தொகை ஆண்டுக்கு 1 சதவீதம் பெருகுகிறது, தொழில்நுட்பம் 2 சதவீதம் முன்னேறுகிறது, மூலதனம் 5 சதவீதம் தேய்கிறது. மூன்றையும் கூட்டினால் 8. தேசிய வருமானத்தில் மூலதனத்தின் பங்கு மூன்றில் ஒன்று. சேமிப்பு வீதம் 10 சதவீதமாக இருந்தால் மூலதன–உற்பத்தி விகிதம் 10-ஐ 8-ஆல் வகுத்தது, அதாவது 1.25-இல் போய் நிற்கும். தலைவருமானம் ஆண்டுக்கு 2 சதவீதம் வளரும். இப்போது சேமிப்பு வீதத்தை ஒரே நாளில் 20 சதவீதமாக்குங்கள். முதல் ஆண்டு தலைவருமான வளர்ச்சி சுமார் 4.7 சதவீதத்துக்குத் தாவுகிறது. 13 ஆண்டு கழித்துப் பார்த்தால் 2.9. 26 ஆண்டு கழித்து 2.4. 39 ஆண்டு கழித்து 2.2. கடைசியில் பழைய 2-க்கே வந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் வருமானம், பழைய பாதையிலேயே போயிருந்தால் எட்டியிருக்கும் இடத்தைவிட 41 சதவீதம் மேலே ஏறிவிட்டது. அந்த இடைவெளி அப்படியே நிற்கும்.

ஏன் வேகம் குறைகிறது? அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் குழாயை இரண்டு மடங்கு திறந்துவிட்டால் முதலில் தண்ணீர் மளமளவென்று ஏறும். மட்டம் ஏற ஏற ஓட்டை வழியாக வெளியேறும் வேகமும் கூடும். ஓரிடத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடும். தேய்மானமும் பெருகும் தொழிலாளர்களுக்குக் கருவி கொடுக்க வேண்டிய தேவையும்தான் அந்த ஓட்டை. ஹாரட்–டோமர் மாதிரியில் மூலதனம் கூடினாலும் அதன் பலன் குறைவதில்லை, அதனால் அங்கே வேகம் தணிவதில்லை. ஒரு பத்தாண்டுக் காலத்துக்கு ஹாரட்–டோமர் ஓரளவு சரியாகத் தெரியும். அரை நூற்றாண்டுக்கு சோலோதான் சரி.

4. அப்படியானால் கஷ்டப்பட்டு சேமித்து என்ன பயன்? கடைசியில் அதே 2 சதவீதம்தானே?

41 சதவீதம் கூடுதல் வருமானம் சாதாரணமா? மேலே உள்ள கணக்கையே நுகர்வுப் பக்கத்திலிருந்து பாருங்கள். சேமிப்பு வீதம் 10-லிருந்து 20 ஆன அன்று, நூறு மூட்டையில் தொண்ணூறு சாப்பிட்டவர்கள் எண்பதுக்கு இறங்குகிறார்கள். நுகர்வு 11 சதவீதம் விழுகிறது. உற்பத்தி மெல்ல ஏறி, பழைய பாதையில் கிடைத்திருக்கும் நுகர்வை மீண்டும் தொட ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிடிக்கின்றன. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் லாபம்தான். நெடுங்காலத்தில் நுகர்வு 26 சதவீதம் அதிகம்.

அந்த ஆறு ஆண்டுகளைத் தயவுசெய்து மறக்காதீர்கள். கரும்பலகையில் அது இரண்டு அங்குலக் கோடு. வீட்டில் அது ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஆறாம் வகுப்பை முடிக்கும் காலம். "சேமிப்பைக் கூட்டுங்கள்" என்று ஏழை நாட்டுக்குச் சொல்வது அந்தக் காலத்தின் சோற்றைக் குறைக்கச் சொல்வது என்பதை என் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

5. எவ்வளவு சேமித்தால்தான் சரி? தங்க விதி என்கிறார்களே?

எட்மண்ட் ஃபெல்ப்ஸ் 1961-இல் எழுதியது. நெடுங்கால நுகர்வு எந்தச் சேமிப்பு வீதத்தில் உச்சத்தைத் தொடுகிறது என்பதே கேள்வி. நூறு மூட்டையையும் தின்றால் அடுத்த போகம் இல்லை. நூறையும் விதைத்தால் சாப்பிட ஒன்றும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் உச்சம் இருக்கிறது. காப்–டக்ளஸ் உற்பத்திச் சார்பில், அதாவது மூலதனம் எவ்வளவு கூடினாலும் வருமானத்தில் அதன் பங்கு மாறாத உற்பத்திச் சூத்திரத்தில், அது வருமானத்தில் மூலதனம் பெறும் பங்குக்குச் சமம். நம் கணக்கில் மூன்றில் ஒன்று, சுமார் 33 சதவீதம்.

ஆனால் தங்க விதி "இவ்வளவு சேமி" என்ற கட்டளை இல்லை. அதற்குக் கீழே இருக்கும் நாடு தவறு செய்கிறது என்று சொல்ல முடியாது. இன்றைய தலைமுறை இழப்பதை அது கணக்கில் எடுப்பதே இல்லை. அதற்கு மேலே போனால்தான் சந்தேகமில்லாத தவறு, ஏனென்றால் சேமிப்பைக் குறைத்தால் இன்றும் லாபம், நாளையும் லாபம். சீனாவின் தேசிய சேமிப்பு 2010-ஐ ஒட்டி உற்பத்தியில் பாதியைத் தொட்டபோது பலர் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார்கள். அதில் ஒரு பகுதி நடப்புக் கணக்கு உபரியாக வெளிநாடுகளுக்குப் போனதால், அந்த எண்ணை அப்படியே தங்க விதியோடு ஒப்பிட முடியாது. எப்படிச் சோதிப்பது என்பது 18-இல் வருகிறது.

6. ராம்சே மாதிரியில் சேமிப்பு வீதத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

குடும்பமே. ஃபிராங்க் ராம்சே 1928-இல் கேட்ட கேள்வி: ஒரு நாடு தன் வருமானத்தில் எவ்வளவு சேமிக்க வேண்டும்? அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இரண்டு ஆண்டுக்குள், 1930 ஜனவரியில், இறந்துபோனார். கட்டுரை கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1965-இல் டேவிட் காஸும் ட்ஜாலிங் கூப்மன்ஸும் தனித்தனியாக அதைச் சோலோவின் கட்டமைப்போடு சேர்த்தார்கள்.

முடிவில்லாமல் தொடரும் ஒரு குடும்பம், இன்று ஒரு கவளம் குறைத்தால் நாளை எத்தனை கவளம் கிடைக்கும் என்று பார்த்துச் சேமிப்பைத் தீர்மானிக்கிறது. மூலதனத்தின் வரவு எவ்வளவு, குடும்பம் எவ்வளவு பொறுமையற்றது, நுகர்வு ஏறி இறங்காமல் சீராக இருக்க வேண்டும் என்ற விருப்பம் எவ்வளவு, இந்த மூன்றும்தான் தீர்மானிக்கும் காரணிகள். மூன்றாவதைத்தான் தீட்டா என்ற எழுத்தால் குறிக்கிறோம். தீட்டா பெரிதாக இருந்தால் "இன்றும் நாளையும் ஒரே மாதிரி சாப்பிட வேண்டும்" என்ற பிடிவாதம் அதிகம் என்று பொருள். எதிர்காலத் தலைமுறையின் நலனைக் குறைத்து மதிப்பிடுவது அறப்படி தவறு என்று ராம்சே கருதினார். அதனால் அவருடைய மூலக் கட்டுரையின் முக்கிய விதியில் பொறுமையின்மை இல்லை. அதன் விளைவாக அவர் கணக்கில் வந்த சேமிப்பு வீதம் மிக உயர்ந்ததாக இருந்தது.

7. சரி, ராம்சே மாதிரியில் நாடு வளர வளர சேமிப்பு வீதம் ஏறுமா, இறங்குமா? ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

ஒரே பதில் இல்லை. ஏன் இல்லை என்று புரிந்துகொண்டால் இந்த மாதிரியையே புரிந்துகொண்டதாகும். மூலதனம் குறைவாக உள்ள நாட்டில் இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. ஒன்று, மூலதனம் அரிது என்பதால் அதன் வரவு அதிகம். ஒரு மூட்டை விதைத்தால் நிறைய வரும். சேமி என்று அது ஆசை காட்டும். இன்னொன்று, இன்று ஏழை, நாளை வசதி வரப்போகிறது என்பது குடும்பத்துக்குத் தெரியும். வரப்போகும் வசதியை நம்பி இன்றே கொஞ்சம் நன்றாகச் சாப்பிடலாமே என்று தோன்றும். நாடு வளர வளர இரண்டு விசைகளும் தளர்கின்றன. முதல் விசை தளர்வது சேமிப்பு வீதத்தைக் கீழே இழுக்கும். இரண்டாவது தளர்வது மேலே தள்ளும்.

காப்–டக்ளஸ் உற்பத்தியும் மாறாத தீட்டாவும் இருந்தால் எது வெல்லும் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதன்பின் வீதம் ஒரே திசையில்தான் நகரும். தேர்வு விதி இது: நிலைத்த நிலையில், அதாவது மூலதன–உற்பத்தி விகிதம் மாறாமல் நின்றுவிடும் ஸ்டெடி ஸ்டேட்டில், வரப்போகும் சேமிப்பு வீதத்தை எடுங்கள். அதை 1-ஐத் தீட்டாவால் வகுத்து வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நிலைத்த வீதம் பெரிது என்றால் பயணம் முழுக்கச் சேமிப்பு வீதம் ஏறும். சிறிது என்றால் இறங்கும். சமம் என்றால் அசையாது.

எண் போட்டால் தெளிவாகும். தீட்டா 3, பொறுமையின்மை ஆண்டுக்கு 2 சதவீதம், மற்றவை 3-ஆம் கேள்வியில் உள்ளபடி 1, 2, 5. மூலதனப் பங்கு 0.3 என்றால் நிலைத்த வீதம் 18.5 சதவீதம். 1-ஐ 3-ஆல் வகுத்தால் 33.3. எனவே மிக ஏழையாகத் தொடங்கும் நாட்டின் சேமிப்பு வீதம் 33-ஐ ஒட்டித் தொடங்கி 18.5-க்கு இறங்க வேண்டும். மூலதனப் பங்கை 0.75 ஆக்கினால் நிலைத்த வீதம் 46 சதவீதம். இப்போது 33-லிருந்து 46-க்கு ஏற வேண்டும். ஒரே மாதிரி, ஒரே குடும்பம், ஓர் எண் மாறியதும் திசையே திரும்பிவிட்டது. (0.75 எங்கிருந்து வந்தது என்று 15-இல் சொல்கிறேன்.)

8. அப்படியென்றால் சோலோவின் மாறாத சேமிப்பு வீதம் ராம்சேயின் ஒரு தனி வகைதானா?

ஆம், மேலே "சமம் என்றால் அசையாது" என்றேனே, அந்த இடம்தான். அங்கே யோசித்து முடிவெடுக்கும் குடும்பமும் சோலோவின் கண்மூடி விதியைப் போலவே நடந்துகொள்ளும். ஆனால் அது எவ்வளவு குறுகலான இடம் பாருங்கள். 7-இல் உள்ள எண்களில் மூலதனப் பங்கு 0.3 என்றால் அதற்குத் தீட்டா 17.5 ஆக இருக்க வேண்டும். வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 1 முதல் 4 வரையான எண்களிலிருந்து வெகுதூரம். மூலதனப் பங்கு 0.75 என்றால் தீட்டா 1.75 போதும். இது நம்பக்கூடிய எண்தான், ஆனால் அப்போது சேமிப்பு வீதம் 57 சதவீதமாகிறது.

9. மிக ஏழை நாடு 33 சதவீதம் சேமித்துவிட்டுப் பிறகு குறைக்குமா? வயிற்றுக்கே போதாதே!

இந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பாராட்டினேன். மாதிரியின் விடை வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று தெரிந்தால் தயங்காமல் சொல்ல வேண்டும். பிழை எங்கே என்றால், சாதாரண ராம்சே மாதிரியில் உயிர் வாழத் தேவையான குறைந்தபட்சச் சாப்பாடு என்ற ஒன்றே இல்லை.

அதைச் சேர்த்துப் பாருங்கள். நூறு மூட்டை விளையும் ஊரில் தொண்ணூறு மூட்டை இல்லாமல் உயிர் தரிக்காது என்றால், மீதிப் பத்தில்தான் பேரமே. எவ்வளவு ஆசை இருந்தாலும் சேமிப்பு 10 சதவீதத்தைத் தாண்டாது. விளைச்சல் இருநூறு ஆகும்போது நூற்றுப் பத்து மூட்டையில் பேரம் நடக்கும். சேமிப்பு வீதம் முதலில் வேகமாக ஏறி, அந்தக் குறைந்தபட்சத்தின் பிடி தளர்ந்ததும் 7-இல் சொன்ன பழைய திசைக்கு வரும். பல நாடுகளின் வரலாற்றில் தெரியும் முதலில் ஏற்றம், பிறகு சமதளம் அல்லது இறக்கம் என்ற வளைவு இதற்கு நெருக்கமானது.

10. பணக்காரர்கள் வருமானத்தில் அதிகப் பங்கு சேமிக்கிறார்கள். அப்போ பணக்கார நாடும் ஏறிக்கொண்டே போகணுமே?

ஒரே ஆண்டில் குடும்பங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சைமன் குஸ்நெட்ஸ் அமெரிக்காவின் 1869 முதலான நெடுங்காலக் கணக்கைத் தொகுத்தபோது, வருமானம் பல மடங்கு பெருகியும் சேமிப்பு வீதம் பெரிதாக நகரவில்லை என்று தெரிந்தது.

மில்டன் ஃப்ரீட்மன் 1957-இல் தந்த விடை எனக்குப் பிடித்தது. ஓராண்டு நல்ல வருமானம் வந்தவர்களில் பலருக்கு அது அந்த ஆண்டு மட்டும் வந்த மழை. அதனால் எடுத்துவைக்கிறார்கள். நிலையான வருமானமே உயர்ந்தால் செலவும் அதே அளவு உயரும். ஃபிராங்கோ மோடிக்லியானியும் ரிச்சர்ட் பிரம்பெர்க்கும் 1954-இல் வயதை வைத்து விளக்கினார்கள்: உழைக்கும் வயதில் சேமித்து, ஓய்வு வயதில் கரைக்கிறோம்.

11. லூயிஸ் சொன்ன 5 சதவீதத்திலிருந்து 12–15 சதவீதம் என்பது என்ன?

ஆர்தர் லூயிஸ் 1954-இல், வளர்ச்சிக் கோட்பாட்டின் மையப் புதிரே இதுதான் என்றார்: வருமானத்தில் 4 அல்லது 5 சதவீதம் சேமித்த சமூகம் எப்படி 12 முதல் 15 சதவீதம் சேமிக்கும் சமூகமாக மாறுகிறது? அவர் விடையில் மக்கள் திடீரென்று சிக்கனமாகிவிடுவதில்லை. கிராமத்தில் உபரி உழைப்பு இருக்கும்வரை நகரத்தில் கூலி ஏறாது. தொழில் விரிய விரிய லாபத்தின் பங்கு கூடும். சேமிப்பவர் முதலாளிதான் என்பதால் நாட்டின் சேமிப்பு வீதமும் கூடும். உபரி உழைப்பு தீர்ந்து கூலி ஏறத் தொடங்கும்போது அந்த ஏற்றம் நின்றுவிடும். வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதே சேமிப்பைத் தீர்மானிக்கும் என்ற இந்தப் பார்வை ராம்சேயில் அறவே கிடையாது, அதனால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

12. இந்தியாவில் சேமிப்பு இரண்டு மடங்கானபோதும் வளர்ச்சி ஏன் மூன்றரை சதவீதத்திலேயே நின்றது?

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடும் கேள்வி. 1951-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபோது திட்டமிட்டவர்களின் சிந்தனை ஹாரட்–டோமர் வழியில் இருந்தது: சேமிப்பைக் கூட்டு, வளர்ச்சி தானாக வரும். சேமிப்பும் கூடத்தான் செய்தது. 1950-களின் தொடக்கத்தில் உற்பத்தியில் சுமார் 10 சதவீதமாக இருந்த உள்நாட்டுச் சேமிப்பு 1970-களின் இறுதியில் 20-ஐத் தாண்டியது. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, சிற்றூர்களில் கிளைகள் திறந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனாலும் வளர்ச்சி சராசரியாக ஆண்டுக்கு 3.5 சதவீதத்தை ஒட்டியே கிடந்தது.

3-ஆம் கேள்வியின் கணக்குப்படி சேமிப்பு இரட்டிப்பானால் சில பத்தாண்டுகளாவது வேகம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், அந்தச் சேமிப்பு மாறிய மூலதனம் விளைச்சல் தரவில்லை என்று பொருள். உரிமக் கட்டுப்பாடு, போட்டியின்மை, முழுத் திறனில் ஓடாத ஆலைகள் என்று பல காரணங்கள் உண்டு. ஒரு ரூபாய் கூடுதல் உற்பத்திக்கு முன்பைவிட அதிக மூலதனம் தேவைப்பட்டது. விதைநெல் கூடியது, வயல் உவர்ந்து கிடந்தது.

1980-களில் நடந்தது இதற்கு மறுபக்கம். சேமிப்பு வீதம் 20-ஐச் சுற்றியே நின்றது, ஆனால் வளர்ச்சி 5 சதவீதத்தைத் தாண்டியது. 2000-களில் வளர்ச்சி இன்னும் வேகமெடுத்தபோது சேமிப்பும் கூடவே ஏறி 2007–08-இல் சுமார் 37 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் இறங்கி 30-ஐ ஒட்டி வந்திருக்கிறது. அதாவது நம் நாட்டில் சேமிப்பு வளர்ச்சியை இழுத்ததைவிட, வளர்ச்சி சேமிப்பை இழுத்ததற்கே சான்று அதிகம். இது என் வாசிப்பு.

13. முதலில் சேமிப்பா, முதலில் வளர்ச்சியா?

கிறிஸ்டபர் கேரலும் டேவிட் வைலும் 1994-இல் பல நாடுகளின் தரவை எடுத்து இதைத்தான் பார்த்தார்கள். வளர்ச்சி முன்னே போக, சேமிப்பு பின்னே வருவதையே அதிகம் கண்டார்கள்.

இதில் ராம்சேக்குச் சிக்கல் இருக்கிறது. நாளை வருமானம் வேகமாக வளரும் என்று தெரிந்த குடும்பம் இன்று குறைவாகத்தானே சேமிக்க வேண்டும்? மோடிக்லியானி சுலபமாகத் தப்பிக்கிறார்: வளரும் நாட்டில், சேமிக்கும் இளையோரின் மொத்த வருமானம் கரைக்கும் முதியோரின் மொத்தச் செலவைவிடப் பெரிது, எனவே வளர்ச்சியே சேமிப்பைக் கூட்டும், வளர்ச்சி இல்லாத நாட்டில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். இன்னொரு விளக்கம் பழக்கம். எளிமையாக வாழ்ந்து பழகியவர்கள் வருமானம் கூடிய வேகத்தில் செலவைக் கூட்டுவதில்லை. திடீர் வளர்ச்சி வந்தால் இடைவெளி சேமிப்பாக நிற்கும்.

14. சிங்கப்பூரில் சட்டம் போட்டுச் சேமிக்க வைத்தார்களே, அது வேலை செய்ததா?

மத்திய சேமநிதி 1955-இல் தொடங்கியபோது தொழிலாளி 5, முதலாளி 5 என்று சம்பளத்தில் 10 சதவீதம். 1984-இல் அது 25, 25 ஆகி, சம்பளத்தில் பாதியானது. அடுத்து வந்த பொருளாதாரச் சரிவில், 1986-இல் முதலாளியின் பங்கை 10 ஆகக் குறைத்தார்கள். முதலீட்டு வீதம் 1960-இல் உற்பத்தியில் 11 சதவீதமாக இருந்தது, 1980-களில் 40-ஐத் தாண்டியது.

ஆல்வின் யங் 1990-களில் கணக்கிட்டு, அந்த நகரின் வளர்ச்சியில் ஏறக்குறைய முழுதும் மூலதனமும் உழைப்பும் குவிந்ததால் வந்தது, உற்பத்தித் திறனின் பங்கு மிகக் குறைவு என்றார். அவர் கணக்கை மறுத்தவர்களும் உண்டு. அவர் சொன்னது சரி என்றே வைத்துக்கொண்டாலும், 3-ஆம் கேள்வியில் உள்ள தற்காலிக வேகம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சேமிப்பு 10-லிருந்து 20 ஆவதோடு நிற்காமல், முப்பது ஆண்டுகள் ஏறிக்கொண்டே போனால் "தற்காலிகம்" ஒரு தலைமுறைக்கு நீளும்.

15. அம்மா போடும் சீட்டு, வாங்கும் நகை, என் படிப்புக்குக் கட்டும் ஃபீஸ், இதெல்லாம் சேமிப்பா?

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சீட்டில் உங்கள் அம்மா கட்டும் பணத்தை அந்த மாதம் வேறொருவர் எடுக்கிறார். அவர் தறி வாங்கினால் நாட்டுக்கு அது சேமிப்பு, முதலீடும்கூட. கல்யாணச் சாப்பாட்டுக்குச் செலவழித்தால் உங்கள் வீட்டுச் சேமிப்பு அவர் வீட்டுக் கடனோடு கழிந்துபோகும். நகையைப் பொறுத்தவரை, இந்தியக் கணக்கில் 2011–12 அடிப்படை ஆண்டு வரிசையில் குடும்பங்கள் தங்கம், வெள்ளி நகையில் போடும் பணம் சேமிப்பில் தனி வரியாக வருகிறது. ஆனால் பீரோவில் இருக்கும் சங்கிலி எதையும் உற்பத்தி செய்வதில்லை. மாதிரி கேட்கும் பொருளில் அது விதைநெல் ஆகாது.

ஃபீஸ்தான் முக்கியம். கணக்குப் புத்தகத்தில் அது நுகர்வு. பொருளாதாரப்படி அது முதலீடு. மான்கிவ், ரோமர், வைல் மூவரும் 1992-இல் கல்வியையும் மூலதனமாகச் சேர்த்தபோது சோலோ மாதிரி நாடுகளுக்கிடையிலான வருமான வேறுபாட்டோடு மிக நன்றாகப் பொருந்தியது. இயந்திரமும் கல்வியும் சேர்ந்த அகன்ற மூலதனத்தின் பங்கு 0.3-ஐவிட மிகப் பெரிது. 7-இல் வந்த 0.75 இப்படி அகன்ற பொருளில் எடுத்தது. அப்போது நிலைத்த நிலையை நோக்கிய தூரத்தில் பாதியைக் கடக்க, மூலதனப் பங்கு மூன்றில் ஒன்று என்ற 3-ஆம் கேள்வியின் கணக்கில் வரும் 13 ஆண்டுக்குப் பதில் ஏறக்குறைய 35 ஆண்டு ஆகும்.

16. வட்டி ஏறினால் சேமிப்பு வீதம் கட்டாயம் ஏறும்தானே?

கட்டாயம் இல்லை. 7-இல் சொன்ன இரண்டு விசைகளே இங்கும். தீட்டா 1-க்கு மேலே இருந்தால், வருமானம் முழுதும் சொத்திலிருந்து வரும் குடும்பத்தில் வட்டி ஏற்றம் நுகர்வைக் கூட்டக்கூட முடியும். மகளின் கல்லூரிக்கு ஐந்து லட்சம் சேர்க்க வேண்டும் என்று குறி வைத்திருப்பவர் வட்டி ஏறினால் மாதத் தவணையைக் குறைப்பாரே, அதே கதைதான்.

17. "சேமிப்பு வீதம் நெடுங்கால வளர்ச்சியைப் பாதிக்காது": சரியா, தவறா?

எந்த மாதிரி என்று சொல்லாத கேள்விக்கு விடை கிடையாது. தேர்வில் மாதிரியின் பெயரை எழுதிவிட்டு விடை எழுதுங்கள். சோலோவில் சரி. மூலதனத்தின் பலன் குறையாத ஏகே மாதிரியில் தவறு. அங்கே வளர்ச்சி சேமிப்பு வீதத்தோடு நேராக நகரும், நிலைத்த நிலையை நோக்கிய பயணம் என்பதே இல்லாததால் சேமிப்பு வீதமும் முதல் நாளிலிருந்து மாறாது. ராம்சேயில் கேள்வியே கொஞ்சம் பிசகு, ஏனென்றால் அங்கே சேமிப்பு வீதம் ஒரு விளைவு. தொழில்நுட்ப முன்னேற்றம் 2-லிருந்து 3 ஆனால் வளர்ச்சியும் மாறும், சேமிப்பு வீதமும் மாறும். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

18. டயமண்ட் மாதிரியில் அளவுக்கு மீறிச் சேமிப்பது நடக்கலாம் என்கிறார்கள், ராம்சேயில் நடக்காது என்கிறார்கள். இரண்டிலும் எல்லோரும் யோசித்துத்தானே முடிவெடுக்கிறார்கள்?

ராம்சேயின் குடும்பம் முடிவில்லாமல் வாழ்கிறது. தங்க விதிக்கு மேல் மூலதனம் குவிந்துவிட்டால், கொஞ்சத்தை எடுத்துத் தின்றாலும் பின்னால் யாருக்கும் குறையாது என்பது அதற்குத் தெரியும், தின்றுவிடும். எனவே நிலைத்த நிலையில் அதன் சேமிப்பு தங்க விதிக்குக் கீழேயே நிற்கும். 7-இல் 18.5 வந்தபோது தங்க விதி 30 என்பதைக் கவனித்தீர்களா? அந்த இடைவெளி பொறுமையின்மையாலும், வளரும் வருமானத்தில் நுகர்வைச் சீராக்கும் விருப்பத்தாலும் வருகிறது.

பீட்டர் டயமண்ட் 1965-இல் காட்டிய உலகில் ஒவ்வொருவருக்கும் இரண்டே பருவம்: இளமையில் உழைப்பு, முதுமையில் ஓய்வு. முதுமைக்குச் சோறு வேண்டும் என்றால் இளமையில் சேமித்தே ஆக வேண்டும், வரவு எவ்வளவு குறைந்தாலும் வேறு வழியில்லை. எல்லோரும் அப்படிச் செய்யும்போது மூலதனம் தேவைக்கு மேல் குவியலாம். ஒவ்வொருவரின் முடிவும் அறிவார்ந்ததுதான். இன்னும் பிறக்காத தலைமுறையோடு ஒப்பந்தம் போட அவர்களால் முடியாது, குறை அங்கேதான். இளையோரிடம் வாங்கி அப்போதே முதியோருக்குக் கொடுக்கும் ஓய்வூதியத் திட்டம் இந்த நிலையில் எல்லாத் தலைமுறைக்கும் நன்மை செய்யும்.

ஒரு நாடு அந்த நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆபெல், மான்கிவ், சம்மர்ஸ், செக்ஹவுசர் நால்வரும் 1989-இல் எளிய சோதனை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் மூலதனத்திலிருந்து கிடைக்கும் வருமானத்தையும் அந்த ஆண்டு மூலதனத்துக்குள் போகும் முதலீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வயலிலிருந்து வரும் மூட்டை, வயலுக்குத் திரும்பப் போகும் மூட்டையைவிட ஆண்டுதோறும் அதிகமாக இருந்தால் அளவு மீறவில்லை. அமெரிக்காவுக்கும் மற்ற பெரிய தொழில் நாடுகளுக்கும் அவர்கள் அதைப் போட்டுப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் வரவே அதிகமாக இருந்தது.